கரைக்கும் படகுக்கும் நடுவே

கூத்தையா பி.ஏ. தேறி மூன்று வருடம் வீட்டில் இருந்தார். நயினார்கோவிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அவருடைய ஊர். அந்த ஊரின் முதல் பட்டதாரி அவர்தான். படித்த பாடம் பொருளாதாரம். பட்டம் வாங்கி வந்த புதிதில் ஊரார் அவரை மரியாதையாக "பி.ஏ." என்று கூப்பிட்டார்கள். அடுத்த வருடம் அது வெறும் பெயராயிற்று. மூன்றாவது வருடம், "ஏலே பி.ஏ., அந்த மாட்டைப் பிடிச்சுக் கட்டு" என்றார்கள்.

அவர் பிடித்துக் கட்டினார். வேறு வேலை இல்லை.

அய்யா காலமாகியிருந்தார். நிலத்தை அண்ணன் பார்த்தார். தம்பி சேற்றில் இறங்கினால், இதற்குத்தானா மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தாய் என்று ஊர் கேட்கும். இறங்காவிட்டால் அண்ணன் மனைவி சட்டியை ஓங்கி வைப்பாள். கூத்தையா அவ்வப்போது மதுரைக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு திரும்புவார். வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் முகம் பழகி, பெயர் பழகி, சேர்ந்து டீ குடிக்கும் அளவுக்குச் சிநேகிதர்கள் ஆனார்கள். வேலை மட்டும் யாருக்கும் வரவில்லை.

இதற்கிடையில் கல்யாணம் ஆயிற்று. செவ்வந்தி சிக்கல் என்ற ஊர்க்காரி, எட்டாவது வரை படித்தவள். பி.ஏ. படித்தவருக்கு இன்றோ நாளையோ சர்க்கார் உத்தியோகம் வந்துவிடும், அப்போது பெண்ணும் வெளியூரில் தனிக்குடித்தனம் போய்விடுவாள் என்று அவள் வீட்டார் கணக்குப் போட்டார்கள். செவ்வந்தியும் அதே கணக்கைத்தான் போட்டாள்.

1957 கோடையில் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்தது. அதற்குச் சில நாள் முன்பு கூத்தையா கொல்லையில் நின்ற வேம்பை வெட்டியிருந்தார். மாட்டுக் கொட்டகைக்கு உத்தரம் வேண்டும் என்று அண்ணன் சொன்னதால் வெட்டினார். அம்மா சோலையம்மாள் அப்போது பரமக்குடியில் மகள் வீட்டில் இருந்தாள். செய்தி கேட்டு ஓடி வந்தவள் மருமகளிடம் போவதற்கு முன் கொல்லைப்பக்கம் போனாள். அடிக்கட்டையைப் பார்த்துவிட்டு வந்து, பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது பச்சை மரத்தில் கோடாலி வைத்தவன் நீதான் என்று மகனிடம் சொன்னாள். ஒரே ஒரு முறைதான் சொன்னாள். வீட்டில் வேறு யாரும் வேறு காரணம் தேடவில்லை.

அதனால் அடுத்த தை மாதம் செவ்வந்திக்குத் தள்ளிப்போனது தெரிந்ததும் சோலையம்மாள் மகனுக்கு எல்லாக் கட்டுப்பாட்டையும் போட்டாள். மரம் வெட்டக் கூடாது. பாம்பை அடிக்கக் கூடாது. பாடை தூக்கக் கூடாது. பிள்ளை பிறக்கும் வரை முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. கடலில் இறங்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு அண்ணன் சிரித்தார். இந்த வறண்ட ஊரில் கண்மாயிலேயே தண்ணீர் இல்லை, கடலுக்கு எங்கே போவது?

கூத்தையா இதையெல்லாம் நம்பினார் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்று சொல்லும் துணிச்சலும் அவருக்கு இல்லை. தாடி வளர்ந்தது.

மாசியில் மதுரையிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரிகளைச் சர்க்கார் இலாகாக்களில் ஆறு மாதம் பயிற்சிக்கு வைத்துக்கொள்வது என்று ஒரு திட்டம். மாதாமாதம் சிறு உதவித்தொகை உண்டு. பயிற்சி முடிவில் இலாகா அதிகாரி நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் கையில் ஒரு சான்றிதழோடு வீட்டுக்கு.

கேட்டவர்கள் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். கையை அழுக்காக்கிக்கொண்டு வேலை செய்யத் தயாரா? கிராமத்து ஜனங்களின் பழைய பயங்களைப் போக்கிப் புதிய முறைகளுக்குக் கொண்டுவர முடியுமா? இரண்டுக்கும் முடியும் என்றார். அவரை மீன் இலாகாவுக்கு அனுப்பினார்கள். ராமநாதபுரம் ஜில்லாக்காரன் என்றால் கடலில் பிறந்தவன் என்று அவர்களுக்கு எண்ணம். கூத்தையா அதற்கு முன் கடலைப் பார்த்தது ஒரு தடவைதான், அய்யாவின் காரியத்துக்காக ராமேஸ்வரம் போனபோது.

வீட்டில் "ஆபீஸ் வேலை" என்று மட்டும் சொன்னார். எந்த ஆபீஸ் என்று அம்மா கேட்டாள். ராமேஸ்வரம் பக்கம் என்றார். அம்மா, கோயிலுக்குப் போனாலும் கிணற்றுத் தீர்த்தத்தோடு நின்றுகொள், கடலில் இறங்காதே என்றாள். சரி என்றார்.

செவ்வந்தி, அங்கே வீடு தருவார்களா என்று மட்டும் கேட்டாள். நிரந்தரமானால் தருவார்கள் என்றார். அவருடைய வேட்டி சட்டையை அவளே மடித்து வைத்தாள்.

பரமக்குடியில் ரயிலேறித் தங்கச்சிமடத்தில் இறங்கினார். பாம்பன் பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்தபோது ஜன்னலுக்குக் கீழே கடல். அந்த இடத்தில்தான் அவருக்கு ஒரு வழி தோன்றியது. பாலத்தின் மேல் போகிறவன் கடலில் இறங்கியவன் ஆகமாட்டான். படகும் பாலம் போலத்தான்; நடுவில் பலகை இருக்கிறது. தண்ணீர் மேலே படாத வரை அம்மா சொன்னதை மீறியதாகாது. பொருளாதாரம் படித்தவருக்கு இந்த வாதம் போதுமானதாக இருந்தது.

ஆனால் தங்கச்சிமடத்தின் வடக்குக் கரையில் கடலடி மிக மெதுவாகச் சரிகிறது. வெகுதூரம் போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. வத்தை எனப்படும் பாய்ப்படகுகள் கரையை ஒட்ட முடியாமல் ஆழம் உள்ள இடத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வலையையும் சோற்றுப் பானையையும் தலையில் வைத்துத் தண்ணீரில் நடந்துபோய் ஏறுவார்கள். பாலத்து வாதத்தில் இந்த இடைவெளி வரவில்லை.

அவருக்குக் கொடுத்த வேலை நைலான் வலை. அந்த வருடம்தான் இலாகா அதைச் சில படகுகளுக்கு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது. பயிற்சியாளர் வாரம் சில நாள் படகில் கூடவே போய், பருத்தி வலையில் எவ்வளவு, நைலானில் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். கரைக்காரர்களுக்கு நைலானின் மேல் சந்தேகம் இருந்தது. அது மக்காத பொருள், மீனுக்கு ஆகாது, போட்ட இடத்தில் பிறகு மீன் அண்டாது என்றார்கள். இந்தப் பேச்சுக்கெல்லாம் ஆதாரம் கிடையாது, விஞ்ஞானத்தில் இதற்கு இடமில்லை என்று கூத்தையா முதல் நாளே கரையில் நின்று விளக்கினார். படகுத் தலைவர், அதாவது தண்டல், மதார் என்பவர். ஐம்பது வயது. முழுவதும் கேட்டுவிட்டு, சரி தம்பி, வாங்க படகுக்குப் போவோம் என்று தண்ணீரில் இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள்.

கூத்தையா மணலிலேயே நின்றார். மதார் திரும்பிப் பார்த்தார். காலில் புண் இருக்கிறது, உப்புத் தண்ணீர் படக்கூடாது என்றார் கூத்தையா.

படகில் வாவு முகம்மது என்று ஒரு வாட்டசாட்டமான ஆள். அவர் திரும்பி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து, கூத்தையாவைத் தோளில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு நடந்தார். படகில் இருந்தவர்கள் மாப்பிள்ளை ஊர்கோலம் வருகிறது, கொட்டடிக்க ஆள் இல்லையா என்றார்கள். திரும்பி வரும்போதும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. புண் ஆறவே இல்லை.

கடல் முதலில் அவரை வாட்டியது. குடலே வெளியே வருவது போல் வாந்தி எடுத்தார். ஆனாலும் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. வாந்திக்கு நடுவே எழுதினார். மூன்றாவது வாரத்தில் வாந்தி நின்றது. மதார் அதைக் கவனித்தார். தாடியையும் கவனித்தார். ஒரு நாள் பாயை இறக்கிவிட்டு வலைக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காலுல புண்ணா, இல்லை வீட்டுல முழுகாம இருக்காகளா?"

கூத்தையா புண் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எனக்கு ஏழு பிள்ளைக. ஒவ்வொண்ணுக்கும் நான் கடல்லதான் கெடந்தேன்."

"உங்களுக்கு அது தொழிலு, அண்ணே."

"இப்ப உங்களுக்கும் அதுதானே தம்பி தொழிலு?"

மதார் வலைப்பக்கம் கையைக் காட்டி, "இதுக்கு மட்டும் எங்களுக்குப் பாடம் எடுத்தீக" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகும் வாவு முகம்மதுதான் தூக்கினார். மதார் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கரையில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. மீன் வாங்க வரும் பெண்கள், எத்தனையாவது மாசம் என்று கூத்தையாவிடமே விசாரித்தார்கள்.

தெரியாதவர் ஒருவர்தான். அதிகாரி சலாஹுதீன். மண்டபம் ஊரில் இருந்தார். கூத்தையாவின் பயிற்சியைப் பற்றி எழுத வேண்டியவர் அவர்.

ஆனி மாதம் சலாஹுதீன் படகைப் பார்க்க வந்தார். காக்கி அரைக்கால் சட்டை. செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு, மதாரோடு பேசிக்கொண்டே தண்ணீரில் நடந்துபோய்ப் படகில் ஏறினார். ஏறித் திரும்பிப் பார்த்தார். பயிற்சிப் பட்டதாரி ஒருவன், தாடியும் சட்டையுமாக, ஒரு மீனவரின் தோளில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தான்.

சலாஹுதீன் வேலைக்குச் சேர்ந்தது வெள்ளைக்காரர் காலத்தில். துரை படகுக்குப் போகும்போது நான்கு பேர் தூக்குவார்கள். துரையின் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் தண்ணீரில் நடந்தது இளைஞராக இருந்த இவர். இதை அவர் பிற்பாடு சொன்னார். அப்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"காலுக்கு என்ன?"

"புண், சார்."

"காட்டுங்க."

வாவு முகம்மது படகின் அருகே வந்து நின்றிருந்தார். அவர் தோளிலிருந்தே கூத்தையா காலை நீட்டினார். இரண்டு கால்களும் சுத்தமாக இருந்தன.

"இறக்கி விடுப்பா" என்றார் சலாஹுதீன்.

"இறக்காதீங்க அண்ணே" என்றார் கூத்தையா.

வாவு முகம்மது தண்ணீரில் நின்றார். மேலே ஒருவர், எதிரே ஒருவர். ஒருவர் இலாகா; இன்னொருவர் தோளில் இருப்பவர். அவர் மதாரைப் பார்த்தார். மதார் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. காரணத்தைச் சொல்ல கூத்தையாவுக்கு அது நல்ல நேரம். வாயைத் திறந்தார். படகில் நைலான் வலை கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நின்றவர்களிடம்தான் ஆதாரமில்லாத பயத்தை விடுங்கள் என்று நான்கு மாதமாகச் சொல்லி வந்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டார்.

வாவு முகம்மது கடைசியில் தாமே ஒரு முடிவு செய்தார். திரும்பி, வந்த வழியே நடந்து, அவரைக் காய்ந்த மணலில் இறக்கி வைத்துவிட்டுப் படகுக்குப் போனார். பாய் ஏறியது. படகு கூத்தையா இல்லாமல் போயிற்று.

மாலையில் சலாஹுதீன் கரைக்கு வந்தார். கத்தவில்லை. துரைகள் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னொரு மனிதனின் தோளில் ஏறுகிறவன் என் இலாகாவுக்கு வேண்டாம் என்றார். பூட்ஸ் கதையைச் சொன்னார். எழுதுவது நன்றாக இருக்கிறது, கணக்கும் சுத்தமாக இருக்கிறது, அதனால் ஒரு வாய்ப்பு. அடுத்த வாரம் இதே படகில் வருவேன். மற்றவர்களைப் போல் நடந்துவந்து ஏற வேண்டும். இல்லையென்றால் வர வேண்டாம். சரி சார் என்று கூத்தையா சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் கூத்தையா ஊருக்குப் போனார்.

சோலையம்மாள் மகன் முகத்தைப் பார்த்ததும் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டாள். கூத்தையா எல்லாவற்றையும் சொன்னார். ஆபீஸ் இல்லை, படகு, இத்தனை நாளும் படகில்தான் போய் வந்தார், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் காலில் பட்டதில்லை, இனிமேல் படும்.

"போன உசுரு போதும்யா. அந்த வேலை நமக்கு வேணாம்" என்றாள் அம்மா.

இதை விட்டால் வேறு வேலை வராது என்றார் கூத்தையா.

"வேலையைச் சர்க்காரு இன்னொரு தடவை தரும். பிள்ளையை யாரு தருவா?"

அண்ணன், மண்வெட்டி இருக்கிறது, வயல் இருக்கிறது, ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அண்ணன் மனைவிகூட அன்று சட்டியை மெதுவாக வைத்தாள். பேச்சு அதோடு முடிந்துவிட்டது. செவ்வந்தியிடம் யாரும் கேட்கவில்லை. அவள் ஆறு மாத வயிற்றோடு உள்ளே மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

வேலையை விட்டுவிட்டேன் என்று நேரில் சொல்லிப் பெட்டியை எடுத்துவரத்தான் கூத்தையா மறுபடி கிளம்பினார். செவ்வந்தி வழியனுப்புகிற சாக்கில் பஸ் நிற்கும் புளியமரம் வரை கூட வந்தாள். அங்கே வேறு யாரும் இல்லை.

"ஒண்ணு சொல்லணும். மூத்தது அசைவு நின்னது நீங்க மரத்தை வெட்டுனதுக்கு முந்தி."

கூத்தையா அவளைப் பார்த்தார்.

"முந்தியே நின்னு போச்சு. எனக்குத் தெரியும். எங்கிட்ட யாரும் கேக்கலை."

"நீ ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா எம்மேல வந்திருக்கும். இவ என்ன தின்னா, எங்கன விழுந்தான்னு கேட்டிருப்பாக. உங்கம்மா வந்து மரத்து மேல போட்டாக. மரம் ஒண்ணும் கேக்காதுன்னு விட்டுட்டேன்."

ஒரு வருடமாக அவர் அந்த அடிக்கட்டையின் பக்கம் போனதில்லை. கொல்லைக்குச் சுற்றித்தான் போவார். அது அவளுக்கும் தெரியும்.

"இப்ப ஏன் சொல்ற?"

"இந்த வீட்டுல இன்னொரு வருசம் என்னால இருக்க முடியாது. தண்ணியில இறங்குங்க. வயித்துல இருக்கிறது எம்பிள்ளை. அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்றேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள் செவ்வந்தி. "அத்தைக்கும் தெரியாது. நீங்க என் பேச்சைக் கேளுங்க."

பஸ் வந்தது. ஏறினார்.

அவள் சொன்னது உண்மையா, அவரைத் தண்ணீரில் இறக்குவதற்காகச் சொன்னதா என்று ரயிலில் யோசித்தார். யோசித்து முடிவுக்கு வரக்கூடிய விஷயமாக அது இல்லை. செவ்வந்தியிடம் அதைப் பற்றிப் பிறகு எப்போதும் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் காற்று அதிகம். தண்ணீர் ஏறியிருந்தது. சலாஹுதீன் முன்னதாகவே படகில் போய் உட்கார்ந்துவிட்டார். கரையில் வாவு முகம்மது வழக்கம்போலக் குனிந்து நின்றார். கூத்தையா அவர் தோளில் கையை வைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு காலை வைத்தார். தண்ணீர் அவர் எதிர்பார்த்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது.

நடந்தார். அடியில் மணலும் பாசியும். கண்ணைக் கரைப்பக்கம் திருப்பவில்லை. வாவு முகம்மது ஒரு பக்கத்துத் தோளைத் தாழ்த்தியபடி, அழைத்தால் உடனே தூக்கிக்கொள்ளலாம் என்பதுபோலப் பக்கத்திலேயே நடந்தார். முழங்கால், தொடை, இடுப்பு. படகை நெருங்கும்போது ஒரு அலை வந்து நெஞ்சு வரை நனைத்தது. தாடியிலும் தெறித்தது. கூத்தையா அங்கேயே நின்றுவிட்டார். படகில் இருந்தவர்கள் யாரும் கேலி பேசவில்லை. மாப்பிள்ளை ஊர்கோலம் என்று முதல் நாள் சொன்ன ஆள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மதார் கையை நீட்டினார். "பிஸ்மில்லா சொல்லி ஏத்துறேன் தம்பி. உங்க சாமியை நீங்க கும்பிட்டுக்கங்க."

ஏறினார். சலாஹுதீன் நகர்ந்து இடம் கொடுத்தார். அன்று நைலானில் நல்ல மீன்பாடு. வலை இழுக்க ஒரு கை குறைந்தபோது கூத்தையாவும் பிடித்தார். திரும்பும்போது கரை வரை நடந்தே வந்தார். ஆவணி வரை படகுக்குப் போன நாளெல்லாம் நடந்தார். தினமும் பயந்தார். ஊரிலிருந்து யாராவது வந்திருப்பதாகச் சொன்னால் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவார்.

பயிற்சி முடிந்தது. சலாஹுதீன் நல்லபடியாக எழுதினார். தங்கச்சிமடத்திலேயே வேலை நிரந்தரமாயிற்று. சலாஹுதீன் காரணத்தை எப்போது தெரிந்துகொண்டார் என்பது தெரியாது. தெரிந்துகொண்ட பிறகு ஒரு முறை, அன்றே சொல்லியிருக்கலாமே என்றாராம்.

ஐப்பசியில் சிக்கலில், தாய்வீட்டில், செவ்வந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. எடை கொஞ்சம் குறைவு. தந்தி கிடைத்ததும் கூத்தையா ராமேஸ்வரத்துக்குப் போய் நாவிதரிடம் உட்கார்ந்தார். முகம் மழித்தபின் மதாருக்கே அடையாளம் தெரியவில்லை. குழந்தைக்கு முத்தழகு என்று செவ்வந்தி பெயர் வைத்தாள். மூன்று மாதத்தில் குழந்தையோடு பாலம் தாண்டி வந்து சேர்ந்தாள். இலாகா கொடுத்த வீடு ஒரே அறை, கூரையில் ஒழுக்கு. அவள் அதைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு, பகல் முழுவதும் கதவைத் திறந்தே வைத்திருந்தாளாம். சோலையம்மாள் பேத்தியைப் பார்க்க வந்தாள், ஆனால் கடற்கரைப் பக்கம் வரவில்லை. மகன் தண்ணீரில் இறங்கினானா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கூத்தையா அந்த இலாகாவில்தான் ஓய்வு பெறும் வரை இருந்தார். நல்ல ஊழியர். நைலான் கரை முழுவதும் பரவியதில் அவருக்கும் பங்கு உண்டு. மீனவர்களிடம் பேசும்போது ஆதாரம், விஞ்ஞானம் என்ற சொற்களை அவர் பிறகு பயன்படுத்தியதில்லை. வலையைக் கொடுத்து, போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்பார்.

தண்ணீரில் இறங்கிய கதையை அவர் மகளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது செவ்வந்தி சொன்னது பாதி, மதார் சொன்னது பாதி. மகள் பொறியியல் படித்தாள். கடல்நீருக்கும் கருவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை அப்பாவிடம் உட்கார்ந்து சொல்ல எத்தனையோ வருடங்கள் இருந்தன. சொல்லவில்லை.

சிறு வயதில் முத்தழகு அடிக்கடி காய்ச்சலில் விழும் பிள்ளை. முதல் காய்ச்சல் வந்தபோது கூத்தையா நேரே மதாரிடம் போனார். அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். எந்த நாள் என்று மதார் கேட்கவில்லை. இடுப்பளவுதான் என்றார். நெஞ்சு வரை வந்ததே என்றார் கூத்தையா. அது அலை, தண்ணீர் இல்லை என்றார் மதார். பிறகு அம்மை போட்டது. அப்போது தொடையளவு என்றார். கக்குவான் இருமல் வந்த வருடம் முழங்கால். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைத்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். கூத்தையா ஒவ்வொரு தடவையும் எதிர்த்துப் பேசினார். பேச்சு வரவரக் குறைந்தது.

முத்தழகு பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் டைபாய்டு வந்தது. பல நாள் கண் திறக்கவில்லை. கூத்தையா சைக்கிளில் கரைக்குப் போனார். மதார் கவிழ்த்துப் போட்ட வத்தைக்குக் கீழே உட்கார்ந்து பலகை இடுக்கை அடைத்துக்கொண்டிருந்தார். கேள்வி வரும் முன்பே தலையை நிமிர்த்தினார்.

"அன்னைக்குத் தண்ணியே இல்லையே தம்பி. வத்திக் கெடந்துச்சு. நீங்க மணல்ல நடந்துல்ல வந்தீக."

கூத்தையா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலைப் பார்த்தார், மதாரைப் பார்த்தார். ஆமாம் என்றார். பிறகு சைக்கிளில் ஏறி மருந்து வாங்கப் போனார்.